ஒன்பது மார்க் வாங்கிய கண்டக்டர்

"உமக்கு எத்தன மார்க்கு ஓய்?"

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். கதிர்வீச்சு சிகிச்சைக்காக அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் போய் உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எதிர் வரிசையில், ஆறடி உயரமும் அதற்கேற்ற வயிறுமாக ஒருவர் இரண்டு நாற்காலிகளை நிறைத்து உட்கார்ந்திருந்தார். குரல் கூடத்தின் ஒரு மூலையில் பட்டு மறு மூலைக்குப் போய்த் திரும்பி வந்தது. நான் கேட்காததுபோல் மடியிலிருந்த ஃபைலைப் புரட்டினேன்.

"உம்மளத்தான் வே. கிளீசன் மார்க்கு எத்தன?"

"ஏழு" என்றேன், உதடு அசையாமல்.

"எனக்கு ஒம்பது!" என்றார். மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த பையனின் முகம் அவருக்கு. "இந்த ஹாலில எனக்குத்தான் கூட. இவரு குளச்சல், ஆறு. அந்தா அந்தச் சர்ச்சு உபதேசியாரு களியக்காவிளை, ஏழு. ஆனா ஏழுலயும் ரெண்டு ஏழு உண்டு கேட்டேரா? மூணும் நாலும் ஏழு, நாலும் மூணும் ஏழு. ரெண்டாவது ஏழு கொஞ்சம் கெட்ட ஏழு. உம்ம ஏழு எந்த ஏழு?"

ப்ராஸ்டேட் சுரப்பியில் ஊசியால் துளித் துளியாகச் சதை எடுத்துப் பார்த்து, வந்திருக்கும் புற்று எவ்வளவு மூர்க்கமானது என்று டாக்டர்கள் போடுகிற எண் அது. ஆறு என்றால் சாது. பத்து என்றால் வெறி பிடித்தது. அந்த எண்ணை டாக்டர் என்னிடம் சொன்னபோது கதவைச் சாத்திவிட்டுச் சொல்லச் சொன்னவன் நான். சார்பதிவாளர் ஆபீசில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவன். எந்தக் குடும்பத்தில் எந்தத் தம்பி எந்த அண்ணனை ஏமாற்றிப் பத்திரம் முடித்தான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றையும் ஒருவரிடமும் சொன்னதில்லை. என் சமாசாரத்தை மட்டும் சொல்லிவிடுவேனா? பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் மஸ்கட்டில் இருக்கிற மகனுக்கும் எனக்கு மூத்திரக் கல். மனைவிக்கு மட்டும்தான் நோய் தெரியும். அதிலும் பாதிதான் தெரியும்.

"மூணும் நாலும்" என்றேன்.

"அப்போ நல்ல ஏழு. தப்பிச்சீரு. எங்க ஏறினீரு?"

"திருவட்டாறு."

அந்த நிமிடம் முதல் என் பெயர் திருவட்டாறு. அவர் என் பெயரைக் கேட்கவே இல்லை. அரசு பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர்களை அவர்கள் ஏறிய இடத்தை வைத்துத்தான் அவரால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும். அவர் பூதப்பாண்டிக்காரர். நாங்கள் அவரைக் கண்டக்டர் என்றோம்.

வாரத்துக்கு ஐந்து நாளாக ஏழு வாரம், முப்பத்தைந்து தடவை, ஒரே நேரத்தில் அந்தக் கூடத்தில் கூடினோம். நாங்கள் நான்கு பேரும் ப்ராஸ்டேட். சிகிச்சைக்கு ஒரு விதி உண்டு. வயிற்றைக் காலி செய்துவிட்டு, முக்கால் மணி நேரம் முன்னால் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து, அதை அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் அது மேலே ஒதுங்கி, கதிர் படவேண்டிய இடத்தில் மட்டும் படும். அடக்க முடியாத நோய்க்காரர்களிடம் அடக்கிக்கொண்டு வா என்று சொல்கிற வைத்தியம்.

"முப்பத்திரண்டு வருசம் இதே வேலைதான் பாத்தேன்" என்பார் கண்டக்டர். "களியக்காவிளையில அடக்கினா கன்னியாரியில தான் திறக்க முடியும். இந்த ஆஸ்பத்திரிக்கு என்னைய மாதிரி ஆளு கிடைக்காது."

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், நாங்கள் நான்கு பேரும் தண்ணீர் குடித்து முடித்து முக்கால் மணி நேரம் ஆனபிறகு, டெக்னீஷியன் வெளியே வந்து, மெஷின் நின்றுவிட்டது, அரை மணி நேரம் பொறுக்க வேண்டும் என்றார். அப்போதைய எங்கள் முகங்களை யாராவது படம் பிடித்திருக்க வேண்டும். குளச்சல்காரர் மீன் ஏலக்காரர். வாழ்க்கையில் எதற்கும் தணிந்து பேசியறியாதவர், கால்களைப் பின்னிக்கொண்டு, "எனக்க அந்தோணியாரே" என்று முனகினார். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். நான் சுவரைப் பிடித்தபடி நின்றேன்.

கண்டக்டர் எழுந்து கூடத்தின் நடுவுக்கு வந்தார். "யாரும் எறங்கப்புடாது. இன்னும் ஸ்டாப்பு வரல்ல. அரை மணி நேரந்தான். எறங்கினா மறுபடியும் மூணு டம்ளர் குடிச்சு, மறுபடியும் மொதல்ல இருந்து. மனசிலாச்சா? பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தா போயிரும். ஒரு கத சொல்லுகேன்."

அவருக்குத் தெரிந்த கதையெல்லாம் பஸ் கதைதான். ஒருமுறை ஒரு கல்யாணக் கோஷ்டி மொத்தமும் அவர் பஸ்ஸில் ஏறியதாம். இவர் விசில் கொடுத்துவிட்டார். வண்டி கிளம்பி நூறு அடி போனபிறகுதான் மாப்பிள்ளையை ஸ்டாப்பிலேயே விட்டுவிட்டது தெரிந்ததாம். பின்னால் எட்டிப் பார்த்தால், மாலை ஒரு கையிலும் வேட்டி ஒரு கையிலுமாக மாப்பிள்ளை ஓடி வருகிறார்.

"டிரைவரு நிறுத்தப் போனாரு. நான் சொன்னேன், நிறுத்தாதேயும் அண்ணாச்சி, கொஞ்சம் ஓடட்டும், இதுக்க மேல அந்தப் பாவப்பட்டவனுக்கு ஓடுகதுக்கு எடம் கிடைக்காதுன்னு. அப்பம் பொண்ணுக்கு மாமன் எழுந்து கேக்கான், கண்டக்டரே, மாப்பிள ஓடிட்டாருன்னு போன் வந்திருக்கு, எந்தப் பக்கமா ஓடுகாரு? நம்ம பக்கமாவா, அந்தப் பக்கமாவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

வேட்டியில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. சட்டென்று ஃபைலை முன்னால் பிடித்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பயணிகளில் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று முதுகைப் பார்த்தே கண்டுபிடிக்கிற மனிதரின் கண்ணிலிருந்து தப்ப முடியுமா?

"திருவட்டாறு எறங்கியாச்சு!" என்று கத்தினார்.

கூடம் முழுக்கச் சிரித்தது. மார்பகப் புற்றுக்காக வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். ரிசப்ஷனில் இருந்த பெண் சிரித்தாள். அடுத்த நொடி குளச்சல்காரர், "அப்போ நானும் எறங்குகேன்!" என்று கழிவறைக்கு ஓடினார். உபதேசியார் ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினார். கதவருகே இருவருக்கும் தள்ளுமுள்ளு. நான் மட்டும் அறுபத்து மூன்று வயதில் நாற்பது பேர் முன்னால் நனைந்த வேட்டியோடு நின்றேன்.

அதற்குப்பிறகு இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. கூடத்தின் மறு கோடியில், அவர் முகம் தெரியாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அவரே எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் இறங்கினார். நாற்காலி முனகியது.

"கோவமா வே?"

"அதச் சத்தம் போட்டுச் சொல்லணுமா அண்ணாச்சி?"

"சொல்லலேன்னா நீரு அந்த நனைஞ்ச வேட்டியோட ரெண்டு பஸ்ஸு ஏறி வீட்டுக்குப் போயிருப்பீரு. சொன்னதினால நர்ஸுப்பிள்ள உடுப்பு தந்தா. இல்லியா?"

அது உண்மைதான். ஆஸ்பத்திரியின் பச்சைக் கால்சட்டையில்தான் அன்று வீடு போய்ச் சேர்ந்தேன்.

பிறகு அவர் சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன்பே அவருக்குத் தொந்தரவு ஆரம்பித்துவிட்டது. நின்றால் வராது. வந்தால் நிற்காது. பஸ்ஸில் அடக்கி அடக்கிப் பழகியதால் இப்படி ஆகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஊரில் உள்ள எல்லா விஷயத்தையும் உரக்கப் பேசுகிற மனிதர், இதைப்பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. மனைவி கேட்டால், தண்ணி கூட குடிச்சுட்டேன் என்றார். இரண்டு வருஷம். கடைசியில் ஒரு நாள் ரத்தம் கலந்து போனபிறகுதான் டாக்டரிடம் போனார்.

"ரெண்டு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தேன். அதுக்குத்தான் ஒம்பது மார்க்கு" என்றார். டாக்டர் அப்படிச் சொன்னாரா என்று கேட்டேன். இல்லையாம். முதலிலேயே அது ஒன்பதாக இருந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது என்றுதான் சொன்னாராம். ஆனால் கண்டக்டர் தன் கணக்கை மாற்றிக்கொள்ளத் தயாராக இல்லை. "இனிமே இந்தச் சங்கதியில வாய மூட மாட்டேன் வே. நீரு கோவப்பட்டுக்கிடும். நான் மூட மாட்டேன்."

மூடவும் இல்லை. ஐம்பது தாண்டிய எந்த ஆணைக் கண்டாலும் அவருக்கு ஒரே குசல விசாரணைதான். "மூத்திரம் ஒழுங்காப் போவுதா?" டீக்கடையில் கேட்பார். கோவில் நடையில் கேட்பார். அவருடைய அண்ணன் பேத்தி கல்யாணப் பந்தியில், பாயசம் வந்துகொண்டிருந்த நேரத்தில், சம்பந்தி வீட்டார் வரிசை முழுவதையும் கேட்டாராம். மாப்பிள்ளையின் தாய்மாமன் பாயசத்தைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் அதே தாய்மாமன் போன் பண்ணி எந்த டாக்டரிடம் போகணும் என்று கேட்டார்.

சிகிச்சையில் எங்களுக்கு இரண்டு பாகம். ஒன்று கதிர். மற்றது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் போடும் ஊசி. ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிற நோயாதலால் ஹார்மோனையே நிறுத்திப் பட்டினி போடுவது. நோய் பட்டினி கிடக்கும், கூடவே நாமும். எனக்கு ஆறு மாதம் என்றார்கள். அவருடைய மார்க்குக்கு மூன்று வருஷம்.

ஊசி போட்ட ஒரு மாதத்தில் அவருக்கு அனல் வர ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று முகம் சிவந்து, கழுத்திலிருந்து வேர்வை ஆறாக ஓடும். சட்டையைக் கழற்றிவிட்டு மின்விசிறிக்குக் கீழே போய் நிற்பார். முதல் முறை வந்தபோது பதறிப் போனார். நர்ஸ் வந்து, "இது ஊசியால வருது சார். பொம்பளைங்களுக்கு மாதவிலக்கு நிக்கும்போது வருமே, அதே மாதிரிதான்" என்றாள்.

அவர் போனை எடுத்து, சத்தத்தைக் கூட்டி வைத்து, மனைவியை அழைத்தார்.

"ஏட்டி, பத்துப் பதினஞ்சு வருசத்துக்கு முன்ன நீ தீப்பத்துகுன்னு சொல்லி வாசல்ல போய் நிப்பியே, ஓர்மையிருக்கா?"

"ஏன் இப்பம் அது?" என்றது போன். அந்தக் குரலும் லேசுப்பட்டதல்ல.

"எனக்கும் வந்திருக்கு."

"என்ன வந்திருக்கு?"

"அதே தீதான். கழுத்துல ஏறி மண்டைக்குப் போவுது. சட்டைய உரிச்சுப் போட்டுட்டு நிக்கேன்."

"அன்னைக்கு நான் சொன்னப்பம் என்ன சொன்னிய? நடிக்கான்னு சொன்னியளா இல்லியா? எனக்க அம்மைக்கிட்ட போயே சொன்னிய, உங்க மவ நல்லா நடிக்கான்னு."

"சொன்னேன் ஏட்டி. தப்புதான். எல்லாரும் இருக்கச்சில சொல்லுகேன், தப்புதான். நீ நடிக்கல்ல."

கூடத்தில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் கைதட்டியே விட்டார். போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரி, போன வையுங்க. சோறு வடிக்கணும்" என்றது போன். "வரும்போ ஜன்னல் சீட்டாப் பாத்து உக்காந்து வாங்க."

இன்னொரு நாள் டாக்டரின் அறைக்குள்ளிருந்து, சாத்திய கதவைத் தாண்டி, அவர் குரல் வந்தது. "டாக்டரே, எனக்கு மாரு வளருகு. தொட்டா வலிக்கி. பாடி போடணுமா?" உள்ளே டாக்டர் சிரிப்பதும் கேட்டது. வெளியே வந்து எங்களிடம், "போட வேண்டாமாம்" என்று தகவல் சொன்னார். உபதேசியார் மெதுவாகத் தன் சட்டைக்குள் பார்த்துக்கொண்டார். அவருக்கும் அதே சந்தேகம் ஒரு மாதமாக இருந்திருக்கிறது. கேட்க வாய் வரவில்லை.

மார்த்தாண்டம்வரை நானும் அவரும் ஒரே பஸ்ஸில் வருவோம். அங்கே அவர் நாகர்கோவில் பஸ் பிடிப்பார், நான் திருவட்டாறு பஸ். ஒருநாள் இடையில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். ஜங்ஷன் கடை, எப்போதும் கூட்டம். எனக்கு வேண்டியது, பெரியவர்கள் உள்ளே கட்டிக்கொள்ளும் பேட். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கிட்டே குனிந்து, "அது… உள்ள வைக்கது… ஈரம் உறிஞ்சுகது" என்றேன். அவள் எனக்கு ஒரு ஸ்பாஞ்சை எடுத்துக் காட்டினாள். தலையாட்டினேன். குழந்தைகளுக்கான பொட்டலத்தைக் காட்டினாள். அதில் யானைக்குட்டி படம் போட்டிருந்தது. வேர்த்துவிட்டது.

பின்னாலிருந்து குரல் வந்தது. "பெரிய ஆளுக்கு வைக்கது மோளே! மூத்திரம் சிந்துகதுக்கு. இவருக்கு மீடியம், எனக்கு இருக்கதில பெரிசு. ஏன் ஓய், நீரு என்ன கஞ்சாவா வாங்குகீரு?"

கடையே திரும்பிப் பார்த்தது. அவர் அத்தோடு விட்டாரா? வரிசையில் நின்றவர்களில் நரைத்த தலைகளாகப் பார்த்து, "உமக்கு ஒழுங்காப் போவுதா? உமக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒருவர் முறைத்தார். ஒருவர் காது கேட்காதவராகிவிட்டார்.

நாங்கள் பொட்டலங்களோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது, முறைத்தவர் பின்னாலேயே வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் தங்க மோதிரங்கள், வெள்ளைச் சட்டை. ரப்பர் ஷீட் வியாபாரி என்று பிறகு தெரிந்தது.

"அண்ணே, ஒரு காரியம் கேக்கணும்" என்றார். சுற்றும் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு வருசமா… சரியில்ல. ராத்திரி நாலஞ்சு தடவ எழும்புகேன். எனக்க அப்பாவும் இதிலதான் போனாரு."

நான் அப்போதுதான் கண்டக்டர் ஒரு கேலியும் செய்யாமல் பேசுவதைப் பார்த்தேன். அந்த மனிதரை நிறுத்தத்துப் பெஞ்சில் உட்காரவைத்து, என்ன ரத்தப் பரிசோதனை, டாக்டர் எங்கே விரலை விட்டுப் பார்ப்பார், அது எவ்வளவு நேரம், வலிக்குமா, எல்லாம் சொன்னார். வழக்கம்போல் உரக்கத்தான் சொன்னார். பக்கத்தில் பூ விற்ற அம்மாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று பஸ்ஸை விட்டோம். ரப்பர்காரருக்குப் பிறகு நோய் இருப்பது தெரிந்தது, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். "ஆறு மார்க்காம் அவருக்கு" என்றார் கண்டக்டர் என்னிடம், சொந்தத் தம்பி பிழைத்ததுபோல.

இனி என் மனைவி விஷயம். அதைச் சொல்லாமல் அவரைப்பற்றிச் சொன்னதாகாது.

அவளுக்குப் பாதிதான் தெரியும் என்றேன் அல்லவா? நோய் தெரியும். ஊசி என்ன செய்யும் என்பதை நான் சொல்லவில்லை. உடம்பில் ஆசை என்பதே துடைத்து எடுத்ததுபோல் போய்விட்டது. தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான். நாற்பது வருஷம் அருகருகே படுத்தவர்கள். எப்படிச் சொல்வது? கட்டிலைத் தூக்கி முன் அறையில் போட்டுக்கொண்டேன். அடிக்கடி எழும்ப வேண்டியிருக்கு, உனக்கு உறக்கம் கெடும் என்று சொன்னேன். அவள் சரி என்றாள். அதற்குப்பிறகு எங்கள் வீட்டில், சாப்பிட வாங்க, மாத்திரை போட்டாச்சா என்பதைத் தவிரப் பேச்சில்லை.

ஆறாவது வாரம் எனக்கு வயிற்றுப்போக்கும் களைப்பும் சேர்ந்து கொண்டதால், துணைக்கு அவளும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கூடத்தில் நுழைந்ததும் கண்டக்டர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க தங்கச்சி. இந்தத் திருவட்டாறு வீட்டுல எப்பிடி? நல்லாப் பேசுகாரா?"

"பேச்சே இல்ல அண்ணாச்சி" என்றாள் அவள். அப்படி வெடுக்கென்று சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "எங்கிட்ட என்ன கோவமோ தெரியல்ல. கட்டில முன் ரூமுக்குக் கொண்டு போயாச்சு. மூணு மாசமாச்சு."

நான் அவர் கண்ணைப் பார்த்துக் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"கோவமா? அது கோவமில்ல தங்கச்சி, ஊசியாக்கும்! அந்த ஊசி போட்டா ஆம்பளைக்கு ஆச வராது. கரண்ட நிறுத்தின மாதிரி. உங்கள கண்டா மட்டும் இல்ல, ரம்பையே வந்து நின்னாலும் இவரு, சாப்பிட்டாச்சான்னுதான் கேப்பாரு. எனக்கும் இல்ல. இந்தா குளச்சலுக்கும் இல்ல. உபதேசியாருக்கும் இல்ல. இங்க இருக்க ஒருத்தனுக்கும் இல்ல!"

உபதேசியார் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார். குளச்சல்காரர், "அது உள்ளதாக்கும் அக்கா" என்று ஒத்துக்கொண்டார். என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். நிமிர்ந்தபோது பார்த்தால், சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அந்தத் தண்ணீர் எங்கே சிரிப்பிலிருந்து அழுகைக்கு மாறியது என்று சொல்லத் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் என்னெல்லாமோ நெனச்சிட்டேன்."

"என்ன நெனச்ச?"

"எனக்க கிட்ட இருக்கப் பிடிக்கல்லன்னு. வயசாயிட்டுல்லா, வெறுத்துப் போச்சுன்னு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த சொல்லப்புடாதா?" என்றாள்.

பிடித்த கையை இரண்டு பேரும் திருவட்டாறுவரை விடவில்லை. அன்று சாயங்காலமே கட்டிலை உள்ளே கொண்டுபோனோம். எனக்குத் தெம்பில்லை, ஒரு பக்கம் அவள் தூக்கினாள். அறை வாசல் நிலையில் கட்டில் குறுக்காக மாட்டிக்கொண்டது. நான் உள்ளே, அவள் வெளியே, நடுவில் கட்டில். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்ததில் எனக்கு மறுபடியும் வேட்டி நனைந்தது. இந்த முறை அதை நானே சொன்னேன்.

கண்டக்டர் இப்போது இல்லை. போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. தகவல் வந்ததும் நானும் மனைவியும் பூதப்பாண்டிக்குப் போனோம். குளச்சல்காரர் வந்திருந்தார், உபதேசியார் வந்திருந்தார், ரப்பர்காரர் வந்திருந்தார். இன்னும் யார் யாரோ நரைத்த தலைகள். வாசலில் நின்ற அவருடைய மருமகன், "நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்டான். நான் பெயரைச் சொன்னேன். அவனுக்குத் தெரியவில்லை. உள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, "அது திருவட்டாறாக்கும்! உள்ள விடுடே. அந்தா நிக்கது குளச்சல். அது களியக்காவிளை" என்றாள். மாவட்டத்தின் பாதி ஊர்கள் அன்று அந்த முற்றத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றன.

ஆனாலும் அவரை நினைத்தால் எனக்கு அந்த முற்றம் வருவதில்லை. அதற்கு ஒன்றரை வருஷம் முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமைதான் வரும்.

அன்று இரண்டு பேருக்கும் மறுபரிசோதனை. ரத்தத்தில் ஓர் எண் பார்ப்பார்கள். அது அடியில் கிடந்தால் நிம்மதி; ஏறினால் நோய் எங்கோ உயிரோடிருக்கிறது. அவரை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவர் ஒன்றும் சொல்லாமல் விறுவிறுவென்று படியேறிப் போனார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு ஊசி நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகியும் எண் அடியிலேயே கிடந்தது. டாக்டர் கை கொடுத்தார்.

நான் வெளியே வந்தபோது கண்டக்டர் மூச்சிரைக்கக் கதவருகே நின்றார். கையில் ஒரு பெரிய லட்டுப் பெட்டி.

"எத்தன?"

சொன்னேன்.

"திருவட்டாறு பாஸ்!" என்று கத்தினார். என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். என் செருப்பு ஒன்று பறந்து போய் யாருடைய மடியிலோ விழுந்தது. கூடத்தில் அன்று எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை. எல்லாம் புதிய முகங்கள், கையில் புதிய ஃபைல்கள், குடித்த தண்ணீரை அடக்கிய இறுக்கமான கால்கள். ஒவ்வொருவரிடமும் பெட்டியை நீட்டினார். "எடும், இவரு பாஸாயிட்டாரு. எடுங்கம்மா."

"உமக்கு என்ன சொன்னாரு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஏறிட்டு வே. எலும்பிலயும் ரெண்டு மூணு எடத்தில ஏறி உக்காந்திருக்காம், டிக்கெட்டு எடுக்காம." சிரித்தார். "வேற மாத்திரை இருக்காம். பாப்போம்."

"அப்போ இந்த லட்டு?"

"டாக்டரு சொன்ன உடனே போய் வாங்கினேன். எனக்கு இல்லேன்னா உமக்காவது இருக்கும்லா? உமக்கும் இல்லேன்னா நானே அம்புட்டையும் தின்னிருப்பேன்."

என் லட்டைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தேன். அவர் என் தோளில் கைபோட்டு என்னைத் தன் பக்கம் இழுத்தார். காதருகே குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ரகசியமாக ஏதோ சொல்லப் போனார். முப்பத்திரண்டு வருஷம் எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிய மனிதர். அவருக்கு வருகிற ரகசியக் குரல் அவ்வளவுதான்.

"பயமாத்தான் இருக்கு வே" என்றார். கூடம் முழுக்கக் கேட்டது.

ஓரத்தில், அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்த ஒல்லியான கிழவர், கையில் பாதி லட்டோடு, "எனக்கும்" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், "எனக்கும் அப்பிடித்தான்" என்றார். தலையில் துணி கட்டியிருந்த ஒரு பெண், "எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்" என்றாள். ஒவ்வொருவராக, எனக்கும், எனக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். பாதி வழியில் யாருக்கோ சிரிப்பு வந்துவிட்டது, அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. ஒல்லிக் கிழவர் சிரித்துக்கொண்டே கழிவறையைப் பார்த்து ஓடினார்.

நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "இங்க என்ன இவ்வளவு சத்தம்?"

"ஒண்ணுமில்ல மோளே" என்றார் கண்டக்டர், பெட்டியை நீட்டியபடி. "நாங்க எல்லாரும் பயந்துக்கிட்டு இருக்கோம். ஒரு லட்டு எடு."